நட்பில் நின்ற நாடும் தீர்ப்பில் நிற்கும் அணையும்

மூணாறில் கொச்சி–தனுஷ்கோடி நெடுஞ்சாலையோரம் நின்றால், மேற்கே இறங்கும் பேருந்தில் மலையாளப் பேச்சு. கிழக்கே போடிமெட்டுப் பக்கம் இறங்கும் பேருந்தில் தமிழ். இந்தச் சாலையின் கொச்சி முனைக்கு அருகில் போல்காட்டித் தீவு. அங்குள்ள பழைய மாளிகை இன்று சுற்றுலா ஓட்டல்.

1808 டிசம்பர் இறுதியில் ஓர் இரவு, அந்த மாளிகைக்குள் படை புகுந்தது. தேடப்பட்டவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் ரெசிடென்ட் காலின் மெக்காலே. நாம் பாடத்தில் படித்த கல்வித்திட்ட மெக்காலேயின் பெரியப்பா. தாக்குதலுக்குத் திட்டமிட்டவர்கள் கொச்சி அமைச்சர் பாலியத்தச்சனும் திருவிதாங்கூர் தளவாய் வேலுத்தம்பியும். மெக்காலே தப்பிக் கப்பலேறிவிட்டார்.

மனத்தை உறுத்துவது, இந்தத் தளவாயும் ரெசிடென்டும் நண்பர்களாக இருந்தவர்கள் என்பதுதான். 1804-ல் நாயர் படை கலகம் செய்தபோது, தலக்குளத்துக்காரரான வேலுத்தம்பியின் பதவியைக் காத்தது மெக்காலேயின் துணை. அதற்கு விலை 1805 உடன்படிக்கை: கம்பெனிப் படைக்காக ஆண்டுக்கு எட்டு லட்சம் ரூபாய். பாக்கி ஏறியது, கெடுபிடி கூடியது, நட்பு பகையாய் முற்றியது. 1809 ஜனவரியில் கம்பெனியை எதிர்த்து வேலுத்தம்பியின் குண்டறை விளம்பரம். பிப்ரவரியில் ஆரல்வாய்மொழி அரண் விழுந்தது. மண்ணடியில் தளவாயின் உயிரும் போனது. பின்னர் வந்த கர்னல் மன்றோவை ராணி கௌரி லட்சுமிபாய் முழுதாக நம்பினார். 1811-ல் ரெசிடென்டே திவானும் ஆனார். இரண்டு பேரின் முகம் கோணினால் ஒரு நாடே கைமாறிய காலம் அது.

இன்று, மூணாறு இருக்கும் அதே இடுக்கி மாவட்டத்தில், இரு மாநிலங்களும் முரண்படும் முல்லைப் பெரியாறு அணை. முதல்வர்களாக இருந்த மு.க.ஸ்டாலினும் பினராயி விஜயனும் 2023 ஏப்ரலில் வைக்கத்தில் ஒரே மேடையில் நின்றார்கள். 2024 டிசம்பரில் மறுபடியும். ஆனாலும் 2014-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன 142 அடி நீர்மட்டத்தில் அந்த நட்பால் ஓர் அங்குலமும் மாறவில்லை. மாறவும் கூடாது என்பேன். தண்ணீரை ஆவணமும் தீர்ப்பும் அளக்கட்டும்.

அப்படியானால் தலைவர்களின் நட்புக்கு வேலையே இல்லையா? இருக்கிறது. 2011 டிசம்பரில் அணைத் தகராறு முற்றி, குமுளி எல்லை அடைபட்டது. உடும்பன்சோலைப் பக்கத் தோட்டங்களில் வேலை செய்த தமிழர்கள், பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு மலையிறங்கித் தேனிக்கு நடந்தார்கள். அணையின் நீர்மட்டம் பற்றி அவர்களை யாரும் கேட்டிருக்கவில்லை.

திருவனந்தபுரத்திலும் சென்னையிலும் யார் முதல்வராக இருந்தாலும், ஒவ்வோர் ஆண்டும் மழை வலுக்கும் முன் ஒருமுறை நேரில் உட்கார்ந்து பேசுங்கள். மூணாறில் கொழுந்து எடுப்பவர்களுக்குத் தேனியில் சொந்தம் இருக்கிறது.