விறகுக்குள் சர்க்கரை!

பரமக்குடிப் பக்கம் சீமைக் கருவேல மரத்தை வெட்டி, மூட்டம் போட்டுக் கரி எடுக்கிறார்கள். அந்த விறகுக்குள் சர்க்கரை இருக்கிறது என்றால் நம்புவீர்களா?

மர நாரே சர்க்கரையின் பின்னல்தான். நாக்கில் வைத்தால் இனிக்காது. 'லிக்னின்' என்னும் பசை நாரை இறுகப் பூட்டி வைத்திருக்கிறது. பூட்டைத் திறந்து, நாரைச் சர்க்கரையாக்கிப் புளிக்க வைத்தால் எரிசாராயம் கிடைக்கும். பெட்ரோலில் கலக்கலாம்.

திறவுகோல் எது தெரியுமா? அசாமில் நுமாலிகர் என்ற ஊரில் 2025ல் திறந்த ஆலை, மூங்கிலைப் பார்மிக் அமிலத்தில் வேகவைக்கிறது. சில எறும்புகள் கடித்தால் சுருக்கென்று எரிகிறதே, அதே அமிலம்! பசை கரைந்துவிடும், நார் தனியே நிற்கும். அமிலத்தை மீட்டு மறுபடியும் பயன்படுத்துகிறார்கள். இல்லாவிட்டால் செலவு கட்டாது.

கருவேலத்திலும் ஆகுமா? 2009ல் டில்லிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வேறு மருந்துகளால் பசையை நீக்கி, இதே மரத்திலிருந்து எரிசாராயம் எடுத்துக் காட்டினார்கள். ஆனால் அது ஆய்வுக்கூடம். ஆலை வந்தாலும், கரிக்காரர் தருவதைவிடக் கூடுதல் விலை தந்தால்தானே விறகு அங்கே போகும்?