பொலிஷ் பண்ணாத மணிக்கூட்டுக்கே பெறுமதி

கடந்த போக அறுவடையின்போது, கரடியனாற்றில் எங்கள் வயலுக்குப் பக்கத்தில் வேளாண்மை செய்யும் அண்ணன் ஒருவர் பழைய கைமணிக்கூடு ஒன்றை என்னிடம் நீட்டினார். அவருடைய மச்சான் சவூதியிலிருந்து கொண்டுவந்த சீக்கோ 5. எவர்சில்வர் உடம்பு முழுக்கக் கீறல், கண்ணாடியும் மங்கல்.

"தம்பி, ரவுணுக்குப் போனால் பொலிஷ் பண்ணி, முகத்துக்கும் பெயின்ட் அடிச்சுத் தாங்க. விற்கப்போறன்" என்றார்.

"கையே வைக்காதீங்க அண்ணன்" என்றேன். பட்டவன் நான். குவைத்தில் உழைத்து வாப்பா வாங்கிவந்த மணிக்கூட்டை, தங்கையின் கலியாணத்துக்குக் கட்டவென்று பளபளப்பாக்கி, முகப்பையும் புதிதாக்கினேன். பிற்பாடு பணத்தேவை வந்தபோது கொழும்பில் சேகரிப்பாளர் ஒருவரிடம் கொண்டுபோனேன். திருப்பிப் பார்த்துவிட்டு, "விளிம்பெல்லாம் தேய்ந்துவிட்டது, முகமும் அதனுடையதல்ல" என்றார். தொலைபேசியில் சொன்ன விலையில் பாதிகூடத் தரவில்லை.

உருக்கு மணிக்கூட்டில் அப்படி என்ன இருக்கிறது என்று வாசகர்கள் கேட்கலாம். சுவிற்சர்லாந்தின் படேக் பிலிப் நிறுவனம் 1941இல் வெளியிட்ட 1518 என்ற மாதிரியில் 281 மணிக்கூடுகளே செய்யப்பட்டன. பெரும்பாலானவை தங்கம். எவர்சில்வரில் தெரியவந்தவை நான்கு மட்டுமே. அவற்றில் ஒன்று 2016 நவம்பரில் ஜெனீவா ஏலத்தில் 1 கோடி 10 இலட்சம் சுவிஸ் பிராங்குக்கு மேல் விலைபோனது. தங்கத்தை உருக்கு வென்றது அருமையினால்தான். மறு வருடமே நடிகர் போல் நியூமன் கட்டிய உருக்கு ரோலெக்ஸ் டேடோனா நியூயோர்க்கில் 1 கோடி 77 இலட்சம் டொலரைத் தாண்டியது. அங்கே விலை பேசியது கட்டிய கை!

நம் வீட்டுச் சீக்கோ அந்த வரிசையில் வராது; அவை ஏராளமாகச் செய்யப்பட்டவை. ஆனால் கிழமை அரபியில் காட்டும் வளைகுடாச் சந்தை மணிக்கூடுகளை விரும்பித் தேடுவோர் உண்டு. அவர்கள் கேட்பது ஒன்றுதான்: தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கிறதா? மும்பாயில் முகப்புக்கு மறுவர்ணம் பூசிய பழைய மணிக்கூடுகள் சந்தையில் மலிந்துவிட்டதால் இந்தச் சந்தேகம் கூடியிருக்கிறது. எழுத்து தடித்தோ கோணியோ இருந்தால் கண்டுபிடித்துவிடுவார்கள். பொலிஷ் சில்லு சுற்றும் ஒவ்வொரு தடவையும் உருக்கு கொஞ்சம் போகிறது. போனது திரும்பி வராது.

அண்ணனின் மணிக்கூட்டுப் பின்மூடியைத் துடைத்துப் பார்த்தேன். இயந்திர எண் 6309. அந்த இயந்திரம் எழுபதுகளின் நடுவிலிருந்து எண்பதுகள்வரை வந்தது. தொடர் எண்ணின் முதல் இலக்கம் வருடத்தின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். 2, 4 என்று தொடங்கியது. ஆகவே 1982 ஏப்ரல்.

"மச்சான் வந்ததும் அந்த வருசம்தான்" என்றவர், மணிக்கூட்டை வாங்கித் தன் கையிலேயே கட்டிக்கொண்டார். "விலையை மட்டும் விசாரிச்சு வாங்க தம்பி."