குளிரையும் சொல்லி அழைத்தவர்

1660-இல் பாஸ்டனில் மேரி டையர் என்ற பெண், குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவின் நம்பிக்கைக்காகத் தூக்கிலேறினார். அப்போது இங்கிலாந்து மட்டும் என்ன வாழ்ந்தது? அங்கே குவேக்கர்களைச் சிறையில் தள்ளினார்கள். கூடி வழிபட்டால் குற்றம், நீதிபதி முன் தொப்பியைக் கழற்றாவிட்டால் குற்றம், சத்தியப் பிரமாணம் எடுக்க மறுத்தால் குற்றம். கடற்படைத் தளபதியின் மகனும் குவேக்கருமான வில்லியம் பென்னும் தப்பவில்லை. 1668-இன் இறுதியில் லண்டன் டவரில் அடைக்கப்பட்டவர், மாதக்கணக்கில் அங்கே கிடந்தார்.

அவருடைய தந்தைக்கு அரசு தரவேண்டிய பாக்கி 16,000 பவுண்டு. 1681 மார்ச் 4 அன்று மன்னர் இரண்டாம் சார்லஸ், டெலவேர் ஆற்றுக்கு மேற்கே ஒரு பெரும் நிலப்பரப்பை மகன் பெயருக்கு எழுதிக்கொடுத்துக் கணக்கை முடித்தார். லெனாபே மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவந்த மண் அது. ஆற்றோரம் ஸ்வீடன்காரர்களும் டச்சுக்காரர்களும் கொஞ்சம் பேர் இருந்தார்கள். பென்சில்வேனியா என்று பெயர் வைத்தாயிற்று. இனி ஆள் வேண்டும், அதுவும் ஆயிரக்கணக்கில்.

அந்த ஆண்டே பென் ஒரு சிறு பிரசுரத்தை அச்சிட்டார். 5,000 ஏக்கர் நிலம் 100 பவுண்டு. வாங்க வசதியில்லாதவருக்கு 200 ஏக்கர் வரை குத்தகை, ஏக்கருக்கு ஆண்டுக்கு ஒரு பென்னி. பிறர் செலவில் வேலையாளாக வருபவருக்கும் ஒப்பந்தம் முடிந்ததும் 50 ஏக்கர் உண்டு. கப்பல் கட்டணத்தையும் விடவில்லை: பெரியவர்களுக்கு அதிகபட்சம் 6 பவுண்டு, வேலையாளுக்கு 5, ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு 50 ஷில்லிங், கைக்குழந்தைக்கு ஒன்றுமில்லை. உழவர், தச்சர், கொத்தனார், கொல்லர், நெசவாளி, தையல்காரர் என்று யார் வந்தால் பிழைக்கலாம் என்றும் சொன்னார்.

இதுவரை எந்த நிலவியாபாரியும் எழுதக்கூடியதுதான். என்னைக் கட்டிப்போடுவது அதே பிரசுரத்தில் அவர் கொடுத்த எச்சரிக்கை. கோடை வருவதற்கு முன் குளிர்காலம் ஒன்றைத் தாண்டியாக வேண்டும், சொந்த ஊரில் அனுபவித்த சில வசதிகள் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குக் கிடைக்காது என்று வெளிப்படையாகச் சொன்னார். நெருங்கிய உறவினர்கள் மனமுவந்து வாழ்த்தாவிட்டாலும் அவர்களின் சம்மதத்தையாவது பெற்றுக்கொண்டு கிளம்புங்கள் என்றும் கேட்டுக்கொண்டார். ஆள் சேர்க்கிற காகிதத்தில் இப்படி எழுத நெஞ்சில் நேர்மை வேண்டும். மக்கள் அந்த எழுத்தை நம்பியதில் எனக்கு ஆச்சரியமில்லை.

1682-இல் பென் ‘வெல்கம்’ கப்பலில் புறப்பட்டார். கூட வந்தவர்கள் சுமார் 100 பேர். வழியில் அம்மை கண்டு ஏறக்குறைய 30 பேர் இறந்துபோனார்கள். அந்த டிசம்பரில் பென்சில்வேனியாவின் செஸ்டரில் கூடிய சட்டசபை ஒரு சட்டம் இயற்றியது: எல்லாம் வல்ல ஒரே கடவுளை நம்பும் எவரையும் மதத்தின் பெயரால் துன்புறுத்தக்கூடாது, விரும்பாத வழிபாட்டுக்கு வரச்சொல்லிக் கட்டாயப்படுத்தக்கூடாது. பதவி வகிக்கக் கிறிஸ்தவராக இருக்கவேண்டும் என்ற குறை அதில் இருந்தது. ஆனாலும் மேரி டையர் தூக்கிலேறி 22 ஆண்டுதான் ஆகியிருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள்.

பிரசுரம் டச்சிலும் ஜெர்மனிலும் வெளிவந்தது. ரோட்டர்டாமில் இருந்த குவேக்கர் வணிகர் பெஞ்சமின் ஃபர்லி இதற்காக ஓடியாடி உழைத்தார். ரைன் நதிக்கரைப் பகுதிகளுக்குப் பென் 1677-லேயே நேரில் போய் வந்திருந்ததும் கைகொடுத்தது. 1683 அக்டோபர் 6 அன்று, கிரெஃபெல்ட் நகரைச் சேர்ந்த 13 குடும்பங்கள் ‘கன்கார்ட்’ கப்பலில் வந்து சேர்ந்தன. பெரும்பாலோர் லினன் நெசவாளிகள். குவேக்கர்களும், மென்னோனைட்டுகள் என்ற இன்னொரு கிறிஸ்தவப் பிரிவினரும் கலந்த கூட்டம். அவர்களுக்கு முன்பே வந்துவிட்ட வழக்கறிஞர் பாஸ்டோரியஸ், பிலடெல்பியாவில் 30 அடி நீளம், 15 அடி அகலத்தில் ஒரு வீடு கட்டினார். கண்ணாடி கிடைக்காததால் ஜன்னல்களுக்கு எண்ணெய் தடவிய காகிதம். பென் சொன்ன வசதிக்குறைவு கண்முன்னே நின்றது. பாஸ்டோரியஸும் அந்த நெசவாளிகளும் சேர்ந்து உருவாக்கிய ஊர்தான் ஜெர்மன்டவுன்.

1685-இல் எழுதிய அடுத்த பிரசுரத்தில், இதுவரை 90 கப்பல்கள், கப்பலுக்கு 80 பேர் என்று பெருக்கி 7,200 பேர் என்று கணக்குச் சொன்னார் பென்.

அந்தக் கணக்கோடு கதையை முடித்தால் அது பொய்யாகிவிடும். 1684-இல் ‘இசபெல்லா’ என்ற கப்பல் 150 ஆப்பிரிக்கர்களைப் பிலடெல்பியாவுக்குக் கொண்டுவந்தது. அவர்களிடம் யாரும் பிரசுரம் நீட்டவில்லை, சம்மதம் கேட்கவில்லை. அவர்களைக் காசு கொடுத்து வாங்கியவர்களில் குவேக்கர்களும் உண்டு. பென்னும் அடிமைகளை வைத்திருந்தவர்தான். இந்த மனிதரின் மேல் எனக்குள்ள மதிப்பு இந்த இடத்தில் தடுமாறுகிறது.

இதைத் தட்டிக்கேட்டவர்கள், அழைப்பை நம்பி வந்த அதே ஜெர்மன்டவுன்காரர்கள். 1688-இல் பாஸ்டோரியஸும் வேறு மூவரும் கையெழுத்திட்டுக் குவேக்கர் சபைக்கு ஒரு மனு கொடுத்தார்கள். இங்கே மனசாட்சிக்குச் சுதந்திரம் இருக்கிறது, உடலுக்கும் அது வேண்டாமா என்று கேட்டார்கள். மனிதர்களை மாடுகளைப்போல இங்கே நடத்துகிறார்கள் என்ற செய்தி ஐரோப்பாவில் பரவிவிட்டது, அதனாலேயே சிலர் வரத் தயங்குகிறார்கள் என்றும் எழுதினார்கள். பென்னின் அழைப்பு பொய்த்துப்போன இடத்தை அவர்கள் சரியாகத் தொட்டார்கள்.

மாதாந்திர சபை அந்த மனுவைக் காலாண்டுச் சபைக்கு அனுப்பியது. அது ஆண்டுச் சபைக்குத் தள்ளிவிட்டது. ஆண்டுச் சபை முடிவெடுக்காமல் ஒதுக்கி வைத்தது. உறுப்பினர்கள் யாரும் அடிமை வைத்திருக்கக்கூடாது என்று பிலடெல்பியா ஆண்டுச் சபை கட்டளையிட்டது 1776-இல்தான்.