பொனற்றைத் திறக்கும் முன் தரையில் படுங்கள்

பழைய வேகன் வாங்க வருகிறவர்கள் முதலில் பொனற்றைத்தான் திறக்கச் சொல்வார்கள். கூட வந்த தரகர் அதற்காகவே காத்திருப்பார். "அண்ணை, எஞ்சினைக் கேளுங்கோ, ஒரு சத்தம் இல்லை" என்பார். நான் சாக்கை விரித்து வாகனத்துக்குக் கீழே படுத்துவிடுவேன். தெல்லிப்பழையில் கராச் நடத்துகிற எனக்கு எஞ்சின் இரண்டாம் பட்சம். இந்த ஊரில் பழைய வாகனத்தைத் தின்பது ஓடிய மைல் அல்ல. கடல் உப்பும் கிணற்றுத் தண்ணீரும்தான்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட காலத்தில், ஒரு காலம் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் நின்ற வாகனங்களுக்கெல்லாம் பொன் விலை வந்தது. அதில் முன்னுக்கு நின்றது டிஎக்ஸ் வேகன். 1979இல் வெளிவந்த ரொயோற்றா கொரோலா வரிசையின் வேகன் அது. 1987 வரை ஜப்பானில் செய்தார்கள். வெங்காயத்தைச் சுன்னாகம் சந்தைக்கு ஏற்றலாம், ஆச்சியைத் தெல்லிப்பழை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோகலாம், செவ்வாய்க்கிழமை குடும்பத்தோடு துர்க்கை அம்மன் கோயிலுக்கும் போகலாம். ஆசைப்படுவதில் பிழையில்லை. என்ன பார்த்து வாங்குவது, வாங்கிய பிறகு எவ்வளவு இறைக்க வேண்டும் என்பதுதான் கேள்வி.

முதலில் துரு. காங்கேசன்துறைக் கரை எங்களுக்குச் சில கிலோமீற்றர்தான். வாடைக்காற்று வீசுகிற மாதங்களில் உப்பீரம் வீட்டு யன்னல் கம்பியிலேயே தெரியும். உப்பு ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். உப்புக் கலந்த ஈரம் இரும்பை விரைவாக அரிக்கும். வேகனில் இது பிடிக்கும் இடங்கள் தெரிந்தவைதான்: பின்கதவின் அடிவிளிம்பு, பின்சக்கரத்துக்கு மேலுள்ள வளைவு, ஸ்பெயார் ரயர் வைக்கிற குழி, கதவுகளின் அடி. கதவுக்கு அடியில் தண்ணீர் வடிய ஓட்டைகள் உண்டு. எங்கள் செம்மண் அவற்றை அடைத்துவிட்டால் மழைத்தண்ணீர் உள்ளே நின்று தகட்டை உள்ளிருந்தே தின்னும்.

ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி இந்த இடங்களில் வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் பெயின்ற்றுக்குக் கீழே இருப்பது தகடு அல்ல, ஓட்டையை நிரப்பப் பூசிய 'பற்றி'. காலடி விரிப்பைத் தூக்கித் தரையைப் பெருவிரலால் அமத்துங்கள். அசைந்தால், அது எந்த விலைக்கும் மலிவல்ல.

ஏனென்றால் எஞ்சினுக்கு மருந்து உண்டு, துருவுக்கு இல்லை. இந்த வேகனின் கே வரிசை எஞ்சின் லைற்ஏஸ் வான்களிலும் வந்தது. அதனால் பிஸ்ரன், ரிங், வால்வு எல்லாம் கொழும்பு பஞ்சிகாவத்தையில் இன்றும் தேடி எடுக்கலாம். ஆனால் பின்கதவுக் கண்ணாடியும் அதைச் சுற்றிய றப்பரும் தேடுகிறவருக்குத்தான் கஷ்டம் தெரியும். எஞ்சின் வேலை ஒருமுறை செய்தால் பல வருடம் நிற்கும். தகட்டை வெட்டி ஒட்டுகிற ரிங்கர் வேலை செய்தாலும், வெட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே துரு மறுபடி தொடங்கும்.

இரண்டாவது தண்ணீர். யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை. சுண்ணக்கல்லுக்குள் தேங்கிய நீரைத்தான் குடிக்கிறோம். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே சுண்ணாம்பு ரேடியேற்றரின் மெல்லிய குழாய்களிலும் படியும். வெக்கை வெளியேற வழியில்லாமல் ஊசி சிவப்புக்கு ஏறும். இந்த எஞ்சினின் உடல் வார்ப்பிரும்பு, மேலே உள்ள ஹெட் அலுமினியம். இரண்டும் ஒரே அளவில் விரிவதில்லை. அளவுக்கு மீறிச் சூடானால் ஹெட் வளையும், கெஸ்கற் போகும். ஒயில் மூடியின் உட்புறத்தில் பால்தேத்தண்ணி நிறத்தில் ஏதும் ஒட்டியிருந்தால், ஒயிலில் தண்ணீர் கலந்திருக்கலாம் என்று எடுங்கள்.

மாற்று எளிது. வாளித் தண்ணீர் ஊற்றாமல், கூலன்ரும் வடித்த நீரும் கலந்து விடுங்கள். குளிர்நாட்டுக்காரருக்குத்தான் கூலன்ற் என்று பலர் நினைக்கிறார்கள். அது உறைவதை மட்டும் தடுப்பதில்லை. கொதிநிலையை உயர்த்தும், உள்ளே துருப்பிடிக்கவும் விடாது. இன்னொன்று: "எங்கட வெயிலுக்கு இது தேவையில்லை" என்று தெர்மோஸ்ரற்றைக் கழற்றி எறிகிற பழக்கம். அது இல்லாவிட்டால் எஞ்சின் சரியான சூட்டுக்கு வர நேரம் எடுக்கும், பெற்றோல் கூடக் குடிக்கும், தேய்மானமும் கூடும்.

புகையையும் படிக்கலாம். காலையில் முதல் ஸ்ராட்டில் மட்டும் நீலப்புகை வந்தால் பெரும்பாலும் வால்வு சீல். அது சின்னச் செலவு. அமத்தி ஓடும்போதெல்லாம் நீலம் என்றால் ரிங் தேய்ந்திருக்கும்; எஞ்சினை இறக்க வேண்டிவரும். கறுப்பு என்றால் கார்பரேற்றர் பெற்றோலை அதிகம் விடுகிறது. சூடான பிறகும் வெள்ளை நிற்காவிட்டால் கெஸ்கற்றைச் சந்தேகியுங்கள்.

மண்ணெண்ணெய்க் கதை சொல்கிறவர்களும் வருவார்கள். 1990இல் எங்கள் பக்கத்துக்குப் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் அருகிய பிறகு ஏ 40 ஒஸ்ரினும் மொறிஸ் மைனரும் கொஞ்சம் பெற்றோலில் ஸ்ராட் ஆகி மண்ணெண்ணெயில் ஓடியது உண்மை. அந்த எஞ்சின்களுக்கு அமுக்க விகிதம் குறைவு, அதனால் தாங்கின. அப்போதும் எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி ஒயிலைத் தண்ணியாக்கியது. இன்று அதைச் செய்யத் தேவையுமில்லை, டிஎக்ஸ் எஞ்சின் தாங்கவும் மாட்டாது.

இனிக் கணக்கு. வருடாவருடம் தவறாமல் வருவது மூன்று: காப்புறுதி, புகைச் சான்றிதழ், இவை இரண்டும் காட்டிப் பிரதேச செயலகத்தில் எடுக்கிற வருமான அனுமதிப்பத்திரம். பராமரிப்பில் ஒயில், பில்ரர், பிளக், றப்பர் குழாய்கள், பிறேக் சிலிண்டர் வரும். சில வருடத்துக்கு ஒருமுறை பற்றரி, ரயர், கிளச், ரிங்கர் வேலை. ரயரில் பூ இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது. எங்கள் வெயிலில் றப்பர் ஓடாமலே வெடிக்கும். மூட்டை ஏற்றித் திரிந்த வேகன் பின்பக்கம் தாழ்ந்து நிற்கிறதா என்று எட்ட நின்று பாருங்கள். தாழ்ந்திருந்தால் பின் ஸ்பிரிங்குகளுக்கும் செலவு எழுதுங்கள். எரிபொருள் விலையும் நிலையில்லை: 2021 டிசம்பரில் 177 ரூபாவுக்கு விற்ற 92 ஒக்டேன் பெற்றோல் 2022 யூனில் 470 ரூபா.

கடைசியாகப் புத்தகம். வாகனத்தில் அடித்த செசி நம்பரையும் பதிவுப் புத்தகத்தில் உள்ளதையும் ஒப்பிடுங்கள். எங்கள் பக்கம் இடம்பெயர்ந்து, கைமாறி வந்த வாகனங்கள் அதிகம். புத்தகத்தில் பெயருள்ளவர் கனடாவில் இருப்பார், கையெழுத்து மட்டும் வெறும் படிவத்தில் இருக்கும். அதை நம்பிக் காசு கொடுக்க வேண்டாம். பெயர் உங்களுக்கு மாறும்வரை அந்த வாகனம் உங்களுடையதல்ல.

என் முடிவு இது. பாடி நல்லது, எஞ்சின் புகைக்கிறது என்றால் விலை பேசி வாங்குங்கள். எஞ்சின் நல்லது, பாடி துரு என்றால் விட்டுவிடுங்கள். வாங்குகிற விலைக்கு மேல் அதில் நாலில் ஒரு பங்கையாவது முதல் வருடத்துக்குக் கையில் வைத்திருங்கள். அது முடியாதவர் தேவையான நாளுக்கு வாடகை வான் பிடிக்கட்டும்; அதுதான் மலிவு.