தரிசு யாருக்குத் தரிசு?

திருவெறும்பூரில் எரிபொருள் என்றால் முதலில் ஞாபகத்துக்கு வருவது பாய்லர்தான். 1960களில் இங்கே வந்த பெல் ஆலை, நாடு முழுக்க உள்ள அனல்மின் நிலையங்களுக்குக் கொதிகலன் செய்து அனுப்புகிறது. அதை நம்பித் துவாக்குடி வரைக்கும் சின்னச் சின்னப் பட்டறைகள். அப்படி ஒன்றில் இருபது வருஷம் வெல்டிங் வேலை பார்த்த தோழர் ஒருவர், கையிருப்பை எல்லாம் போட்டு இரண்டு ஏக்கர் வாங்கிக் குடியேறப் போவதாகச் சொன்னார். ‘அரிசி, பருப்பு, காய்கறி எல்லாம் நம்மளே. டீசலும் நம்மளே வெளைவிச்சுக்கலாம் தோழர். ஒரு ஏக்கர் கடலை, இல்லேன்னா காட்டாமணக்கு. பங்க் பக்கமே எட்டிப் பார்க்க வேண்டாம்.’

இந்த ஆசையைக் கிண்டல் செய்வது சுலபம். நான் அதைச் செய்யப் போவதில்லை. சந்தையிலிருந்து விலகி நிற்க வேண்டும் என்கிற ஆசை அரசியல் ஆசைதான். ஆனால் அது எந்தச் சொற்களில் பேசுகிறது, அந்தச் சொற்களை யார் தயாரித்துக் கொடுத்தார்கள் என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் கணக்கு. ஒரு ஏக்கர் மானாவாரிக் கடலை, நல்ல வருஷத்தில் 700 கிலோ காய் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். உடைத்தால் 490 கிலோ பருப்பு. செக்கில் நூற்றுக்கு நாற்பது எண்ணெய் என்றால் சுமார் 210 லிட்டர். ஐந்து பேர் உள்ள குடும்பம் ஆளுக்கு மாதம் ஒரு லிட்டர் என்று சமையலுக்கு எடுத்தால் 60 லிட்டர் போய்விடும். மீதி 150. டிராக்டர் மணிக்கு நாலு லிட்டர் குடித்தால் 37 மணி நேர ஓட்டம். பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் செக்குக் கடலை எண்ணெயின் விலை டீசலைப் போல இரண்டு மடங்குக்கு மேல். எண்ணெயை விற்று டீசல் வாங்குகிறவன்தான் புத்திசாலி என்று சந்தை சொல்லும். ஆக, வெளியே போன சந்தை வேலிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

காட்டாமணக்கோ சாப்பிட முடியாதது. நாலு கிலோ விதைக்கு ஒரு லிட்டர் எண்ணெய் என்பது கிராமத்துச் செக்குக் கணக்கு. ஏக்கருக்கு 300 கிலோ விதை வந்தால் 75 லிட்டர். பிண்ணாக்கு விஷம், மாட்டுக்குப் போட முடியாது, எருவாக மட்டும் ஆகும். கடலை என்றால் பிண்ணாக்கும் கொடியும் மாட்டுக்கு, சாணி நிலத்துக்கு என்று ஒரு சுற்று இருக்கிறது. காட்டாமணக்கில் அந்தச் சுற்று பாதியில் அறுந்துபோகிறது.

அடுத்து, எண்ணெயை அப்படியே என்ஜினில் ஊற்றலாமா? ஊற்றலாம். 1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் டீசல் என்ஜின் ஒன்று கடலை எண்ணெயில் ஓடியிருக்கிறது. ஆனால் தாவர எண்ணெய் டீசலைவிடப் பல மடங்கு கொழகொழப்பானது. சூடாக்காமல் விட்டால் இன்ஜெக்டரில் பிசின் கட்டும். பழைய மெதுவோட்ட என்ஜின் தாங்கும்; இன்றைய டிராக்டர் தாங்காது. அதற்காகத்தான் எண்ணெயோடு மெத்தனாலும் காஸ்டிக் சோடாவும் சேர்த்து, கிளிசரினைப் பிரித்து, ‘பயோடீசல்’ ஆக்குகிறார்கள். நூறு லிட்டர் எண்ணெய்க்கு ஏறக்குறைய இருபது லிட்டர் மெத்தனால். அது பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்து ஆலையில் வருவது, வயலில் விளையாது. 2023இல் மரக்காணம், 2024இல் கள்ளக்குறிச்சி என்று கள்ளச்சாராயத்தில் கலந்து உயிர்களைக் குடித்ததும் அதே மெத்தனால்தான். கள்ளக்குறிச்சியில் மட்டும் அறுபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அந்த டிரம்மை வீட்டுத் திண்ணையில் வைத்துக்கொண்டு தற்சார்பு பேச முடியாது.

இந்தக் கனவு தோழருடைய சொந்தக் கனவா? இல்லை. திட்டக்குழுவின் அறிக்கை 2003இல் வந்தது. டீசலில் ஐந்தில் ஒரு பங்கு காட்டாமணக்கிலிருந்து வரும், அதற்கு ஒரு கோடிக்கும் மேற்பட்ட ஹெக்டேர் நிலம் இருக்கிறது என்றது. குடியரசுத் தலைவராக இருந்த அப்துல் கலாம் ஊர் ஊராகப் பேசினார். நம்ம பக்கத்திலேயே திருச்சி–லால்குடி, தஞ்சாவூர்–நாகூர் தடங்களில் காட்டாமணக்கு எண்ணெய் கலந்த டீசலில் ரயில் ஓட்டிப் பார்த்தார்கள். தேசிய உயிரி எரிபொருள் கொள்கை 2009இல் வந்து, 2017க்குள் இருபது சதவீதம் என்று கெடு வைத்தது. கெடு தாண்டியது, டீசல் டீசலாகவே இருந்தது. தமிழ்நாட்டில் ஒப்பந்தம் போட்டு நட்ட விவசாயிகளில் பெரும்பாலோர் சில வருஷங்களிலேயே செடியைப் பிடுங்கிவிட்டார்கள். தண்ணீர் இல்லாமலே காய்க்கும் என்று சொல்லப்பட்ட செடி, தண்ணீர் கேட்டது.

பயிர் தோற்றது பெரிய விஷயமில்லை, எத்தனையோ பயிர் தோற்றிருக்கிறது. அந்த ஒரு கோடி ஹெக்டேர் எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி. ‘தரிசு’ என்ற சொல்லிலிருந்து வந்தது. கிராமக் கணக்கில் தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு என்று பிரிவுகள் உண்டு. அதாவது வரியின் கண்ணால் பார்த்த நிலம். ஊர்க்காரர் வாயில் அதே நிலத்துக்குப் பெயர் மேய்க்கால், மந்தை, கரம்பு, களர், சுள்ளிக்காடு. ஒவ்வொரு பெயரும் ஒரு உபயோகம், ஒரு ஆள். ஆவணத்தின் சொல் இத்தனை பெயரையும் அழித்துவிட்டு ‘இங்கே யாரும் இல்லை’ என்று எழுதுகிறது. பிறகு அந்த வெற்றிடத்தை நிரப்பத் திட்டம் வருகிறது.

சாத்தூர் வட்டாரத்தில் ஜெனிஃபர் பாகா என்ற ஆய்வாளர் இதை அளந்தே பார்த்தார். அங்கே ‘தரிசு’ என்று குறிக்கப்பட்ட நிலத்தில் சீமைக்கருவேலம் இருந்தது. அதை வெட்டி விறகாக்கி, கரியாக்கிப் பிழைத்தவர்கள் இருந்தார்கள். வீட்டு அடுப்புக்கும் ஆலைகளுக்கும் அது போனது. அந்தக் கருவேலம் தந்த பயனுள்ள ஆற்றல், அதே நிலத்தில் காட்டாமணக்கு தரக்கூடியதைவிடக் குறைந்தது இரண்டரை மடங்கு, அதிகபட்சம் பத்து மடங்கு என்று 2014இல் வந்த ஆய்வு சொல்கிறது. சீமைக்கருவேலம் நல்லதா கெட்டதா என்பது வேறு சண்டை. எரிபொருள் இல்லாத நிலத்தில் எரிபொருள் விளைவிக்கப் போகிறோம் என்றவர்கள், ஏற்கெனவே இருந்த எரிபொருளைப் பிடுங்கினார்கள் என்பதே இங்கே முக்கியம். அது ஏழையின் அடுப்பு என்பதால் ஆற்றல் கணக்கில் வரவில்லை. இன்று பேச்சு எத்தனாலுக்கு மாறியிருக்கிறது. பெட்ரோலில் இருபது சதவீதம் என்ற இலக்கை 2025இல் தொட்டாயிற்று. கரும்போடு மக்காச்சோளமும் அரிசியும் வடிசாலைக்குப் போகின்றன.

தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா இதை வேறு மாதிரி யோசித்தவர். வார்தாவின் மகன்வாடியில் அவர் நடத்திய கிராமத் தொழில் நிறுவனம் மண்ணெண்ணெய்க்குப் பதில் தாவர எண்ணெயில் எரியும் ‘மகன் தீபம்’ விளக்கை உருவாக்கியது. நிலத்தடியில் தேங்கிக் கிடப்பதைத் தோண்டி வாழும் பொருளாதாரம் சண்டையில்தான் முடியும், வருஷா வருஷம் ஓடிவருவதை வைத்து வாழ்வதே நிலைக்கும் என்பது அவர் வாதம். கவனிக்க வேண்டியது, அவர் டிராக்டருக்கு எண்ணெய் தேடவில்லை. இருக்கிற எண்ணெய்க்கு ஏற்ற விளக்கைத் தேடினார். நாமோ தேவையை அப்படியே வைத்துக்கொண்டு மூலத்தை மட்டும் மாற்றப் பார்க்கிறோம்.

தோழரிடம் நான் சொன்னது இவ்வளவுதான். வரப்பிலும் வேலியிலும் புங்கன் வையுங்கள். தழை வயலுக்கு உரம், சில வருஷம் கழித்து விதை எண்ணெய்க்கு. நாலைந்து மாடு இருந்தால் தினம் ஐம்பது கிலோ சாணி. இரண்டு கனமீட்டர் சாண எரிவாயுக் கலத்துக்கு அது போதும், ஒரு குடும்பத்தின் அடுப்பு எரியும், கழிவு வயலுக்குத் திரும்பும். கடலையைச் சாப்பிடுங்கள். உழவுக்கு டிராக்டரை வாடகைக்குக் கூப்பிடுங்கள். அந்த டீசலுக்கு வெட்கப்பட வேண்டாம்.

‘அப்ப முழுத் தற்சார்பு இல்லையா?’ என்று கேட்டார். இல்லை. ஆனால் அதைவிட முக்கியமான ஒன்றை அவரிடம் கேட்டேன். வாங்கப் போகிற இரண்டு ஏக்கரைத் தரகர் ‘சும்மா கிடக்குற தரிசுங்க’ என்றாராம். அங்கே இதுவரை ஆடு மேய்த்தது யார், விறகு பொறுக்கியது யார் என்று விசாரித்தீர்களா?

இன்னும் விசாரிக்கவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் போகிறோம்.