வரப்பில் பூத்து நிற்கும் வைரஸ்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரும் சாலையோரம் பூத்திருக்கும் ஒரு பார்த்தீனியக் கொத்தை வெள்ளைத் தாளின் மேல் தட்டிப் பாருங்கள். அரிசி நொய்யைவிடச் சிறிய பூச்சிகள் ஓடும். இலைப்பேன்கள். நீளம் ஒரு மில்லிமீட்டர் சுமாருக்குத்தான். அவற்றின் உடம்பில் ஒட்டியிருக்கும் மகரந்தத் தூளில்தான் ஆபத்து இருக்கிறது.

2000-ம் ஆண்டு, ஆந்திரத்தின் அனந்தபூர் மாவட்டத்தில் நிலக்கடலைச் செடிகள் குருத்தும் தண்டும் கருகிச் செத்தன. சுமார் 2.25 லட்சம் ஹெக்டேர். இழப்பு 300 கோடி ரூபாயைத் தாண்டும் என்று மதிப்பிட்டார்கள். பட்டான்செருவில் உள்ள இக்ரிசாட் நிறுவனத்தின் விஞ்ஞானிகள் ஆராய்ந்ததில், டொபாக்கோ ஸ்ட்ரீக் வைரஸ்தான் காரணம் என்று தெரிந்தது. அது எங்கே பதுங்கியிருந்தது? பார்த்தீனியத்தில். செடிக்குள் வைரஸ் இருக்கும். இலையிலோ நோயின் ஒரு புள்ளிகூடத் தெரியாது.

நோய் பரவும் விதம் விசித்திரமானது. இலைப்பேனின் உடம்புக்குள் வைரஸ் குடியேறுவதில்லை. மகரந்தம் காற்றிலோ பூச்சியோடோ வந்து பயிரின் இலையில் விழுகிறது. அங்கே இலைப்பேன் சுரண்டும் காயத்தின் வழியாக வைரஸ் உள்ளே போகிறது. நிலக்கடலைப் பூ தனக்குள்ளேயே சூல் கொள்வது, மகரந்தத்தை வெளியே சிந்தாது. அதனால் ஒரு கடலைச் செடியிலிருந்து அடுத்த செடிக்கு இந்த நோய் போவதில்லை. நோய்கண்ட செடியைப் பிடுங்கி எறிந்தும் பயனில்லை. குற்றவாளி வயலுக்குள் இல்லை, வரப்பில் நிற்கிறது.

இது நம் ஊர்க் கவலையும்தான். தமிழகத்தில் பருத்தியிலும் இந்த வைரஸ் பதிவாகியிருக்கிறது: இலையில் கருகிய திட்டுகள், காய்ந்துபோகும் சப்பைகள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையம் இருக்கும் ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். 'எஸ்விபிஆர்' பருத்தி ரகங்கள் இங்கே பிறந்தவை. நல்ல ரகமும் நல்ல உரமும் தேடுகிற நாம், வரப்பை மட்டும் ஏன் கவனிப்பதில்லை?

மலைக்கு அந்தப் பக்கம், கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைக்காரர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. திராட்சையின் விசிறி இலை வைரஸ் ஈரானில் அருகம்புல்லிலும் கண்டறியப்பட்டது. அந்த வைரஸைப் பரப்புவது மண்ணில் வாழும் நூற்புழு. கொடியைப் பிடுங்கிவிட்டால் நோய் போய்விடும் என்று அங்கேயும் இருந்துவிட முடியாது.

வரப்பை மொட்டையடிக்கச் சொல்லவில்லை. மழைக்குப் பின் முளைக்கும் பார்த்தீனியத்தைப் பூப்பதற்கு முன்பே, வேரோடு, கையுறை போட்டுப் பிடுங்குங்கள். தோலில் பட்டால் அரிப்பும் புண்ணும் வரும். ஒரு செடி விட்டால் ஆயிரக்கணக்கில் விதை. வயலைச் சுற்றி ஏழெட்டு வரிசை சோளமோ கம்போ நெருக்கி விதைத்தால், வரும் இலைப்பேனும் மகரந்தமும் பெருமளவு அங்கேயே தடைபடும். ஒருவர் மட்டும் செய்து பலனில்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரரையும் கூட்டிக்கொண்டு இறங்குங்கள்.