செங்கோட்டையின் உப்புக் கணக்கு

தில்லியில் கல்லூரி முதலாண்டு மாணவர்களுக்குப் புள்ளியியல் நடத்துகிறேன். சூத்திரங்களுக்கு முன்னால் செங்கோட்டையைச் சொல்லிவிடுவேன்.

1947 பிரிவினைக் கலவரத்தில் உயிருக்கு அஞ்சியவர்கள் அங்கே தஞ்சம் புகுந்தார்கள். சாப்பாடு போட்ட ஒப்பந்தக்காரர்களின் பில் எகிறியது. உள்ளே எத்தனை பேர்? நேரில் எண்ண வழியில்லை. புள்ளியியலாளர்களிடம் அரசு கேட்டது. அவர்களுக்குக் கிடைத்தவை அரிசி, பருப்பு, உப்பு வாங்கியதாகக் காட்டிய அளவுகள்தான்.

அவர்களில் ஒருவரான ஜே.எம். சென்குப்தா ஒவ்வொரு பொருளின் மொத்த அளவையும் ஓர் ஆள் சராசரியாகச் சாப்பிடும் அளவால் வகுத்தார். மூன்றிலும் ஏறக்குறைய ஒரே தலைக்கணக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. அரிசி மிகப் பெரிய எண்ணைக் கொடுத்தது, உப்பு மிகச் சிறியதை. உப்பைத்தான் நம்ப வேண்டும் என்று முடிவு செய்தார். அன்று அது அத்தனை மலிவு. அதில் பொய்க்கணக்கு எழுதி யாரும் காசு பார்க்க முடியாது. ஆளுக்கு ஆள் அது பெரிதாக மாறுவதும் இல்லை. அந்த மாறுபாட்டைத்தான் பாடத்தில் திட்டவிலக்கம் என்று அளக்கிறோம்.

இதைத் தன் நூலில் பதிவு செய்தவர் புள்ளியியலாளர் சி.ஆர். ராவ். எனக்கு மிகவும் பிடித்தது அடுத்த கட்டம். தில்லியிலேயே ஹுமாயூன் கல்லறையிலிருந்த சிறிய அகதி முகாமின் எண்ணிக்கை வேறு வழியில் தெரிந்திருந்தது. உப்புக் கணக்கை அங்கே பொருத்திப் பார்த்தார் சென்குப்தா. விடை அதையொட்டியே வந்தது.